மூலநிரலிலிருந்து கட்டுதல்

(நமது கல்விச் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2011 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், நமது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப் பெற்றது. நம் இல்லங்கள் பலவற்றில் கணினி என்னும் கருவி முதன்முதல் நுழைந்தது அத்திட்டத்தினாலேயே. அதனுள் விண்டோசுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் வகை இயக்க அமைப்பும் இருந்தது. அதனைத் திறந்து பார்த்தோர் சிலரே. கடையில் கொடுத்து அழிக்கச் செய்தோர் பலர். அழிக்கப்பட்ட அப்பொருள், சென்னையில் சி-டாக் நிறுவனத்தார், 1993 முதல் உலகத் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்துவரும் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007 இல் வெளியிட்டதாகும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், மீண்டும் கட்டலாம். சாதியும் கேட்பதில்லை, சான்றிதழும் கேட்பதில்லை.

‘கட்டுதல்’ என்றால் என்ன? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருட்டாலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை எளிதில் உணர்வர். பழைய இரும்பு உலையில் உருகி, வார்க்கப்பட்டு, உருளைகளுக்கிடையே நீண்டு, கம்பியாய் வெளிவருகிறது. நாம் கணினியில் நிறுவுவதெல்லாம் கட்டி முடிந்த கம்பியே. மனிதர் எழுதிய மூலநிரலை நிரல்பெயர்ப்பி என்னும் உலையிலிட்டு, வெளிவரும் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கருவிக்குரிய நிரலாக்குவதே கட்டுதல். நம் வட்டாரத்தில் பிள்ளைகள் பணம் கட்டிச் சேரும் பயிலகங்கள் பலவற்றில், முடிந்த கம்பியைத் தூக்கி வைக்கும் முறை மட்டுமே கற்பிக்கப்படுகிறது என்பது நம் வருத்தம்.

லினக்சின் உட்கருவான கெர்னலை எடுத்துக்கொள்வோம். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அது, 2020 இலேயே 2 கோடியே 70 லட்சம் வரிகளைக் கடந்துவிட்டது. இத்தனை வரிகளையும் எவரும் படித்து முடித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை. இதனைக் கட்டுவதை மேற்பார்ப்பது ‘மேக்’ என்னும் சிறு கருவி. 1976 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது. எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மறுபடி கட்டும். நம் ஊரில் மின்சாரம் நடு இரவில் போய்விட்டாலும், கட்டியவை வீணாவதில்லை. மீண்டும் ஏவினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்நொடியில் பாதி எழுதப்பட்ட கோப்பு ஒன்றிருந்தால் அதனை மட்டும் அழித்துவிட வேண்டும்.

முதலில் தேவையற்றதைக் களைதல் நலம். ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான நிரல் அதிலுண்டு. நம் மடிக்கணினிக்கு அவற்றுள் மிகச் சிலவே வேண்டும். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று ஏவினால், அவ்வேளையில் இயங்குபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கும். பல மணி நேர வேலை வெகுவாகக் குறையும். வட்டில் இருபது ஜிபி அளவேனும் காலியிடம் விட்டுத் தொடங்குதல் நன்று.

பிழைச் செய்தி வரும். வராமல் இராது. இங்கேதான் நம் பிள்ளைகள் கையை எடுத்துவிடுகின்றனர். திரை நிறைய ஆங்கிலம் ஓடியவுடன், ஏதோ பெரிய அதிகாரி அதட்டியதுபோல் ஒடுங்கிவிடுகின்றனர். அச்செய்தி எவரையும் அதட்டுவதன்று. கடைசி வரியை விட்டு மேலே சென்று, முதற்பிழையைத் தேடுக. கீழுள்ளவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. ‘ஃப்ளெக்ஸ் காணவில்லை’, ‘பைசன் காணவில்லை’ என்றிருந்தால், அக்கருவிகளை நிறுவிவிட்டு மீண்டும் ஏவினால் போதும். திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நாற்பது, ஐம்பதுதான். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றபின் கணினி கற்கலாம் என்று காத்திருப்பதைவிட, இப்பிழைகளைப் படித்தே ஆங்கிலம் கற்றுவிடலாம் என்பது முப்பதாண்டுக் காலம் வகுப்பில் நின்ற நம் கருத்து.

புதிய கெர்னல் இயங்காவிடினும் கணினி கெட்டுவிடாது. பழையதை அழிக்காதவரை தொடக்கப் பட்டியலில் அது இருக்கும். அதனைத் தேர்ந்து மீளலாம்.

1893 இல் இரட்டைமலை சீனிவாசனாரும், 1907 இல் அயோத்திதாசப் பண்டிதரும் பிறர் இதழில் இடம் கேட்டு நிற்காமல் தாமே இதழ் நடத்தினர். அச்சுக் கோக்கும் தொழிலை அறிந்த கைகள் அதற்குத் தேவைப்பட்டன. அத்தகைய கைகள் இன்று கணினித் துறையில் நம்மிடம் எத்தனை? இதைக் கற்றால் நாளையே வேலை என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் கட்டத் தெரிந்தவனை, இயக்க மட்டும் தெரிந்தவனோடு ஒரே வரிசையில் எந்த நிறுவனமும் வைக்காது.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரண்மேல் கிடக்கும் பழைய மடிக்கணினிகளைச் சங்கத்திற்குத் தாருங்கள். ஒன்றில் கட்டிய கெர்னலை டெபியன் பொதியாக்கி, அதே வகைக் கணினிகள் பத்திலும் நிறுவலாம். ஒவ்வொன்றிலும் தனித்தனியே கட்ட வேண்டுவதில்லை. ஞாயிறு காலை வகுப்பு நடக்கும். இரவுப் பணி முடித்து மின்ரயிலில் திரும்பும் தோழர்களுக்காக மாலையிலும் ஒரு வகுப்பு வைப்போம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.