ஹெரால்ட் இன்ஜினும் நான்கு போல்ட்டுகளும்

(பொங்கல் விழாவையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த 'என் பொழுதுபோக்கு' நிகழ்ச்சியில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி மாடித்தோட்டம் பற்றி அழகாகப் பேசினார். நான் பேசப்போவது கிரீஸும் எண்ணெயும் பற்றி. குழந்தைகள் தூங்கினால் தப்பில்லை. ஆனால் பெரியவர்கள் கடைசி வரை இருக்க வேண்டும். கடைசியில் நம் சங்கத்திடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

பென்னலூரில் குடியிருக்கும் நமக்கு கார் ஒன்றும் புதிதில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் முதல் சான்ட்ரோ வந்தது. பிறகு ஒரகடம் வளர்ந்தது. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது கார் கம்பெனியோடு ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும். நானும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்தான்.

ஆனால் இந்தப் பக்கம் ஆலைகள் வருவதற்கு வெகு முன்பே, சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் கார் தயாரித்தார்கள். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று பெயர். 1948-ல் தொடங்கிய நிறுவனம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென் எல்லாம் அவர்கள் கார்கள். 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று விற்ற அதே வண்டி. வடிவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். நம் ஊரில் குடும்பத்தோடு போக இரண்டு கதவு போதாது என்று, பின்னாளில் நான்கு கதவு ஹெரால்டையும் இங்கேயே தயாரித்தார்கள். அதற்குப் பிறகு கெஸல், ஸ்டாண்டர்ட் 2000. 1988-ல் எல்லாம் நின்றுபோனது.

என் அப்பா அந்த ஆலையில் ஃபிட்டர். ஆலை மூடியபோது அவர் கையில் மிஞ்சியது ஒரு பழைய நான்கு கதவு ஹெரால்ட், 1969 மாடல், இரண்டாம் கைக்கு வாங்கியது. என் தங்கை கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குப் போனது அந்த வண்டியில்தான். அப்பா போன பிறகு பல வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓய்வு பெற்றதும் அதைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்று இறங்கினேன்.

ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்ஜின் சின்னது. 948 சிசி, நான்கு சிலிண்டர், போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. சின்னது என்றாலும் முழுக்க வார்ப்பிரும்பு. நூறு கிலோவைத் தாண்டும். அதைப் பிரித்து வேலை பார்க்க தரையில் வைத்தால் இடுப்பு போய்விடும். மேசையில் வைத்தால் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க முடியாது. அதற்குத்தான் இன்ஜின் ஸ்டாண்ட்.

ஸ்டாண்ட் என்பது சக்கரம் வைத்த இரும்புக் கால்கள், அதன் மேல் ஒரு தூண், தூண் தலையில் சுழலும் ஒரு குழாய், குழாய் முனையில் தட்டு. தட்டில் நான்கு கைகள். இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் முகத்தில், இந்த நான்கு கைகளையும் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு இன்ஜினை வேண்டிய பக்கம் திருப்பி, பின் சொருகி நிறுத்திக்கொள்ளலாம். கேட்க எளிது. நான் எங்கே தவறினேன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பேஸ்மென்டில், என் பார்க்கிங் இடத்தில் இந்த வேலையைச் செய்தேன். ஸ்டாண்ட் நானே வெல்டிங் வைத்து அடித்தது. மூன்று சக்கரம், முன்னால் ஒரே ஒரு சின்ன சக்கரம். உதவிக்கு என் தங்கை மகன். தட்டின் நடுமையத்தை கிராங்க் ஷாஃப்ட் மையத்துக்கு நேராக வைத்து மாட்டினேன். பார்த்தால் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஹெட், மேனிஃபோல்ட் எல்லாம் இருக்கும் இன்ஜினில் கனத்தின் மையம் கிராங்க்குக்கு மேலே இருக்கிறது. தலைகனத்த பம்பரம் மாதிரி. கிரேனைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டைச் சுவரோரம் தள்ளினோம். முன் சக்கரம் வடிகால் மூடியின் இடுக்கில் மாட்டியது. அதை நகர்த்த வசதியாக இருக்கட்டும் என்று நான் பின்னை உருவினேன். இன்ஜின் சர்ரென்று ஒரு பக்கம் புரண்டது. அந்த உதறலில் ஸ்டாண்டே சாய்ந்து விழுந்தது.

சம்ப் நசுங்கி எண்ணெய் ஓடியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் இன்ஜின் விழுந்த இடத்தில், ஒரு நிமிஷத்துக்கு முன்னால், நம் குடியிருப்புப் பையன் ஒருவன் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா மேலிருந்து கூப்பிட்டதால் போயிருந்தான்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் எண்ணெய்க் கறை பற்றிப் புகார் வந்தது. சங்கத்துக்கு நான் என்ன சொன்னேன்? "எண்ணெய் கொட்டிவிட்டது, கழுவிவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். இன்ஜின் விழுந்ததைச் சொல்லவில்லை. பேஸ்மென்டில் ரிப்பேர் வேலை கூடாது என்று சங்கம் கடிதம் கொடுத்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. என் இடத்தில் நான் வேலை பார்த்தால் இவர்களுக்கு என்ன என்று நினைத்தேன். அந்தக் கடிதம் சரி. நான் செய்தது தவறு. அந்தப் பையனின் பெற்றோரிடம் போன வாரம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

இப்போது வேலை நடப்பது சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகைக்கு எடுத்த ஷெட்டில். அங்கே ஒரு மூத்த மெக்கானிக் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எண்ணெயையும் தண்ணீரையும் முழுக்க வடிக்க வேண்டும். டைனமோ, ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், சைலன்சர் மேனிஃபோல்ட் எல்லாம் வண்டியிலேயே கழன்றுவிட வேண்டும். கனம் குறையும், மையமும் சீராகும். இன்ஜினை வெளியே எடுத்ததும், கிரேனில் தொங்கியபடியே, அடியில் மரக்கட்டை கொடுத்து, கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்றுங்கள். அவை இருந்தால் ஸ்டாண்டின் தட்டு உட்காராது. கழற்றும் முன் ஃப்ளைவீல் எந்த நிலையில் இருந்தது என்று பஞ்ச் வைத்து அடையாளம் போடுங்கள். பழைய கிளட்ச் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது போல்ட். ஹெரால்டில் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். ஸ்டாண்டின் கையை அந்தத் தகட்டில் மாட்டக் கூடாது. தகட்டைக் கழற்றிவிட்டு, பிளாக்கிலேயே இருக்கும் மரைத் துளைகளில் மாட்ட வேண்டும். மரை எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 அங்குலத் துளையில் நம் கடை 8 எம்எம் போல்ட் இரண்டு சுற்று ஏறும். ஏறுகிறதே என்று முறுக்கினால் மரை போய்விடும். நீளமும் முக்கியம். ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு ஆழம் பாருங்கள். அதோடு கையின் தடிமன், வாஷர் தடிமன் கூட்டிக்கொள்ளுங்கள். போல்ட்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை கவலை? ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் 110 கிலோ, அதன் கனமையம் தட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர். அப்படியானால் மேலே உள்ள இரண்டு போல்ட்டும் சேர்ந்து சுமார் 137 கிலோ இழுவையைத் தாங்குகின்றன. சும்மா நிற்கும்போதே இப்படி. சக்கரம் ஒரு பள்ளத்தில் இடித்தால் அந்த நேரத்துக்கு இன்னும் கூடும். கைகளை நீட்டி நீட்டி வைத்தால் அதுவும் சேரும். ஆகவே தட்டு பிளாக்கோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கடைசியாக மையம். தட்டின் மையம் கிராங்க்குக்குச் சற்று மேலே இருக்கட்டும். எவ்வளவு மேலே என்று புத்தகம் பார்க்க வேண்டாம், இன்ஜினே சொல்லும். கிரேன் கொக்கியை ஒரு விரல் அளவு மட்டும் தளர்த்தி, பின்னை உருவி, இரண்டு பேர் பிடித்தபடி கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் நின்றால் சரி. தானாக ஓடினால் மறுபடி தூக்கி, மாற்றி மாட்டுங்கள். முதல் முறை நான் அவசரப்பட்டபோது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, கொக்கியை இப்பவே கழட்டாதீங்க. அது காத்திருக்கும், கால் காத்திருக்காது" என்றார். அடியில் கால் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

இப்போது நான்கு சக்கர ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். அதன் கால்கள் இன்ஜினின் முன்முனையைத் தாண்டி நீண்டிருக்கும். அதில் மாட்டி முழுக்கப் பிரித்தோம். சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. 0.020 அங்குலம் போர் செய்து பிளாக் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே சுத்தம் செய்யும்போது, பிளாக்கின் ஓரத்தில் அப்பா உளியால் போட்ட ஒரு சின்ன அடையாளம் தெரிந்தது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

வண்டி ஓடினால் ரோட்டில் விடலாமா என்று பலர் கேட்டீர்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவு உண்டு. அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது. எனக்கு அது போதும். தங்கையை ஒருமுறை பின் சீட்டில் உட்கார வைத்தால் போதும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பேஸ்மென்டில் ஜாக்கி வைத்தோ கிரேன் வைத்தோ தூக்கும் எந்த வேலையும் யாருக்கும் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முதல் ஆள் நானாக இருப்பேன். இன்ஜின் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை ஷெட்டுக்கு அழைத்து வாருங்கள். பெற்றோர் கூட வர வேண்டும், செருப்பு கூடாது, ஷூ வேண்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.