லாபம் வைத்தால் பாவமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "தெரிஞ்சவங்ககிட்டயே லாபம் வச்சு விக்கிறது சரிதானா? மனசு கூசுதே" என்கிறார்கள். கேட்கிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அதனால் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

இட்லி மாவு விற்கும் ஓர் உறுப்பினரின் கணக்கைப் பார்ப்போம். அரிசி, உளுந்து, கரண்ட் மூன்றையும் கூட்டி விலை போடுகிறார். ஊறவைத்து, அரைத்து, கல்லைக் கழுவி வைக்கிற வேலைக்குக் கூலி போடுவதில்லை. கிரைண்டர் தேய்கிறதே, அதற்கும் இல்லை. கிரைண்டர் ரிப்பேரானால் குழுவில் கடன் கேட்கிறார். இத்தனை நாளும் தெருவுக்கே தன் உழைப்பைத் தர்மம் செய்திருக்கிறார். வாங்கியவர்களுக்கு அது தெரியாது. கூலியையும் தேய்மானத்தையும் எடுத்து வைத்த பிறகு நிற்பதுதான் லாபம். அது இல்லாத தொழில் நாள்பட நிற்காது. (இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதைக் கொடை என்று நோட்டில் எழுதுங்கள். விலையில் ஒளித்து வைக்க வேண்டாம்.)

"ஒருத்திக்கு லாபம்னா இன்னொருத்திக்கு நஷ்டம்தானே?" இந்த எண்ணம்தான் கூச்சத்துக்கு அடியில் கிடக்கிறது. அப்படி இல்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 1997 ஜனவரியில் ஒரு நாள், வட கேரளத்தில் வடகரை என்ற ஊரில் 11 மீனவர்கள் வாங்க ஆள் இல்லாமல் பிடித்த மத்தி மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்ப இருந்தார்கள். ஒருவர் சேதி ஒருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷமே அந்தப் பக்கம் செல்போன் வர ஆரம்பித்தது. கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் சில வருஷம் வாராவாரம் விலையைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியிருந்தது. மீன் வாங்குகிறவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்திருந்தது. கொட்டி வீணாக்குவது நின்றே போனது. யாரும் யார்மீதும் இரக்கப்பட்டு இதைச் செய்யவில்லை. அவரவர் வீட்டு அடுப்புக்காகத்தான் அலைந்தார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் வயிறு நிறைந்தது.

முதலாளித்துவத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்லும் முக்கியமான நியாயம் இதுதான். மிரட்டாமல், ஏமாற்றாமல், இருவரும் மனம் ஒப்பிச் செய்கிற வியாபாரத்தில் இருவருக்கும் நன்மை. 1776-இல் இதைப் புத்தகமாக எழுதிய ஆடம் ஸ்மித், ஸ்காட்லாந்தில் நீதிநெறி பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர். வியாபாரிகள் ஒன்றாகக் கூடினால் விலையை ஏற்றச் சதி செய்வார்கள் என்று எச்சரித்தவரும் அவரேதான்! நம் பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, வாங்கும்போது கூடுதலாக வாங்காதவர், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காதவர் என்றுதான் வருகிறது. லாபமே வைக்காதவர் என்று வரவில்லை.

ஆனால் 'மனம் ஒப்பி' என்று சொன்னோமே, அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். பூ போடுகிற ஒரு குடும்பம் ஒரே மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறது. அவர் சொன்னதுதான் விலை. கந்து வட்டிக்காரரிடம் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்ததும் ஒப்புதல்தானா? வேறு வழி இல்லாதபோது தலையாட்டுவதை ஒப்புதல் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. "வேணாம், நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லக் கூடியவளுக்குத்தான் சந்தை நியாயமாக இருக்கும்.

அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? கையில் கொஞ்சம் முதல் இருந்தால் வரும். முதலாளி என்றால் மீசையும் காருமாக ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். முதல் உள்ளவர் முதலாளி, அவ்வளவே. மாதாமாதம் நாம் போட்ட சந்தாவும் முதல்தான். 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, அந்தச் சேமிப்பையும் திருப்பிக் கட்டும் ஒழுங்கையும் நம்பித்தான் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உழைத்தவருக்கே உழைப்பின் பலன் சொந்தம் என்பதும் இந்த நியாயத்தில் ஒரு பாதி. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அப்படியும் எத்தனை பேர் வீட்டில் கடனுக்குக் கையெழுத்து நம்முடையது, மாடு அவர் பெயரில், பால் காசும் அவர் கையில்? தவணை நாளில் மட்டும் நம்மைத் தேடுவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, தொழில் செய்கிற உறுப்பினர்கள் கணக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள். கூலிக்கு ஒரு கட்டம், தேய்மானத்துக்கு ஒரு கட்டம் கோடு போட்டு, பொருள் வாரியாக உட்கார்ந்து விலையை எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவின் ஊக்குநர் எழுதிக் கொடுப்பார்.