தேக்காவில் ஒரு கட்டு முருங்கைக்காய்



புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு சிறு செப்புக்காசு செலாவணியில் இருந்ததை, எண்பது வயதைக் கடந்த நேயர்கள் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு முகத்தில் பிரகதாம்பாளின் திருவுருவமும் மறுமுகத்தில் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் பொறித்த அந்தக் காசு 20 சேர்ந்தால்தான் ஓர் அணா. 320 சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஏழை எளியவர்களுக்கு அது வழங்கப்பட்டது. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்த பின்னர் அதுவும் வழக்கொழிந்து, பலர் வீட்டு மரப்பெட்டிகளில் ஞாபகச் சின்னமாக ஒதுங்கிவிட்டது. ஒரு ரூபாயை முந்நூற்றிருபது கூறாக்கிச் செலவு செய்யப் பழகிய இந்தச் சீமையின் மக்கள், அந்நிய நாணயம் புழங்கும் தேசங்களுக்குப் பிழைக்கப் போய், அங்கே அரிசியும் புளியும் வாங்கி எவ்வாறு ஜீவித்தார்கள், இன்றும் எவ்வாறு ஜீவிக்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

இராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாப்பட்டு முதலிய நம் நகரத்தார் ஊர்களிலிருந்து இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'கொண்டு விற்க'ப் போனவர்கள், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டே போனார்கள். அங்கே அவர்கள் தங்கிய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதும் இடமும், இரவில் பாய் விரித்துப் படுக்கும் இடமும் அந்த ஒரே நீண்ட கூடந்தான்; சமையலுக்கு ஊரிலிருந்தே ஆள் வந்திருப்பார். சாப்பாடு கடையின் பொறுப்பு. ஆகவே, பினாங்கில் ஒரு கட்டி கத்தரிக்காய் என்ன விலை என்று அடுத்தாளை, அதாவது கடையின் உதவியாளரை, கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. (கட்டி என்பது அந்நாட்டு நிறை, ஏறக்குறைய 600 கிராம்.) அயல்நாட்டு விலைவாசியால் மனம் கலங்காதிருக்க ஒரு நல்ல உபாயம், விலை கேட்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுவது; கணக்கில் கைதேர்ந்த அந்தச் சமூகம் அதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தது.

இதே சீமையிலிருந்து கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன எளிய ஜனங்களும் விலை கேட்டதில்லை. ஆனால் அதன் காரணம் முற்றிலும் வேறு. அரிசியைத் தோட்டமே கொடுத்தது; அதன் விலையைச் சம்பளத்தில் தோட்டமே பிடித்துக்கொண்டது. என்ன விலைக்கு வாங்கினோம் என்பது, மாதக் கடைசியில் கையில் விழுகிற தொகையின் மெலிவைக் கொண்டு ஊகிக்கவேண்டிய சங்கதியாக இருந்தது. கிட்டங்கியில் விலை கேளாதிருந்தது சௌகரியம். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், விலை கேளாதிருந்தது கதியின்மை.

பிறகு 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அவர்கள் அச்சிட்ட நோட்டில் வாழைமரம் இருந்தபடியால் ஜனங்கள் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர் வைத்தார்கள். அரிசி அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. நோட்டு பெருகப் பெருக அதன் மதிப்பு தேய்ந்து, 1945இல் யுத்தம் முடிந்த அன்று அது வெறும் காகிதமாயிற்று. அக்காலத்தில் மலாயாவில் இருந்து திரும்பிய முதியவர் ஒருவரை என் சிறுபிராயத்தில் நான் அறிவேன். அவர் வீட்டில் எவரும் மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கக் கூடாது.

இனி, நம் காலத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, கீரமங்கலத்துப் பக்கத்தைச் சேர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன், கட்டட வேலை செய்பவன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் என்னைத் தேக்காச் சந்தைக்கு அழைத்துச் சென்றான். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் அடித்த கஜா புயலில் அவன் தகப்பனாரின் தென்னந்தோப்பு அடியோடு சாய்ந்துவிட, கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவன். சிராங்கூன் சாலையில் அன்று நம் மாவட்டத்து முகங்களை எண்ணினால் வெள்ளிக்கிழமைச் சந்தைப்பேட்டையில் நிற்பதாகவே தோன்றும். சந்தைக்குள் கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் குவிந்து கிடந்தன. பையன் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தான், மூன்று காய். ஒன்றை இலேசாக முறுக்கிப் பார்த்தான், பிஞ்சா முற்றலா என்று தெரிந்துகொள்ள நம் தாய்மார்கள் முறுக்கிப் பார்ப்பதைப் போலவே. விலை கேட்டான். ஒன்றரை வெள்ளி, அதாவது ஒன்றரை டாலர், என்றார் கடைக்காரர். பையனுடைய உதடுகள் ஓசையின்றி அசைந்தன.

"தொண்ணூறு ரூவாய்க்கு மேல வருது மாமா. நம்ம கொல்லையில பறிக்க ஆளில்லாமத் தொங்குது" என்று சொல்லிக் கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அடுத்த கடையில், ஊருக்குப் போகும் நண்பனிடம் கொடுத்தனுப்புவதற்காகக் கோடாலித் தைலம் ஆறு புட்டியும், தங்கை குழந்தைக்குப் பால்மாவு டின் இரண்டும் வாங்கினான். அதற்கு அவன் உதடுகள் அசையவில்லை.

அந்தப் பெருக்கல் கணக்கு அயல்நாட்டில் வசிக்கும் நம்மவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு வியாதி என்றே நான் சொல்லத் துணிவேன். எந்தச் சாமானுக்கும் அவர்களுக்கு இரண்டு விலை. ஒன்று கடைக்காரர் சொல்வது, மற்றொன்று மனம் ரூபாயில் பெருக்கிச் சொல்வது. சிங்கப்பூரோ தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து தருவித்து உண்ணும் தீவு. 2024 தொடக்கத்திலிருந்து அரிசி, உப்பு உட்பட எல்லாவற்றுக்கும் 9 சதவீத வரியும் உண்டு. இங்கேயோ, 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசிக்கு விலையே இல்லை. விலையில்லாத அரிசியோடு ஒப்பிட்டால் உலகத்தில் எந்த அரிசிதான் மலிவாகத் தோன்றும்? வீட்டுக்கு அனுப்பும் தொகையைப் பெருக்கிப் பார்ப்பது நியாயம். அந்தப் பணம் செலவாகப்போவது இங்கே. தான் உண்ணும் கவளத்தைப் பெருக்கிப் பார்ப்பதுதான் பிசகு. உழைக்கும் தேகம் அங்கே இருக்கிறது, பசியும் அங்கே இருக்கிறது, கணக்குப் புத்தகம் மட்டும் கீரமங்கலத்தில் இருந்தால் எப்படி?

விடுதிகளில் தங்கும் தொழிலாளர் பலர் மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டி 'கேட்டரிங்' சாப்பாடு வாங்குகிறார்கள். நள்ளிரவு கடந்து சமைத்து, விடியுமுன் வாயிலில் இறக்கிவிட்டுப் போகும் பொட்டலத்தில் காலை ஆகாரமும் மத்தியானச் சோறும் சேர்ந்தே இருக்கும். வெயிலில் சாரத்தின் கீழ் வைத்த பொட்டலத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால், சாம்பார் தன் குணத்தை மாற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பையனும் அதைத்தான் உண்டான். ஆறு நாள் அதை உண்டவன், ஏழாம் நாள் ஒரு கட்டு முருங்கைக்காயைத் திருப்பி வைத்தான்.

வளைகுடா நாடுகளில் வேறு விதமான ஏற்பாடு. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்துப் பிள்ளைகள் அறைக்கு ஆறேழு பேராகத் தங்கி, செலவைப் பங்கிட்டு, முறை வைத்துச் சமைக்கிறார்கள். தெருமுனையில் ஒரு பக்காலா, அதாவது மளிகைக்கடை, இருக்கும்; அங்கே பற்று எழுதும் நோட்டும் இருக்கும். கையில் காசு இளைத்த நாட்களில் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் கைகொடுக்கும். குவைத்தில் அரசாங்க மானியத்தால் அந்த ரொட்டி இன்றும் சொற்ப விலைதான். தினாரைப் பெருக்கிப் பார்ப்பவனுடைய துயரத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு தினாருக்கு 250 ரூபாய்க்கு மேல். ஆயினும், வெள்ளிக்கிழமை பகல் அந்த அறைகளில் வேகும் பிரியாணியைப் பற்றிக் கேள்விப்படும்போது, சமையற்கட்டு கையில் இருப்பவன் பாதி ஊரைக் கையில் வைத்திருக்கிறான் என்றே எண்ணுகிறேன்.

இந்த இடத்தில் வெகுதூரத்து உதாரணம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும், கரும்புத் தோட்ட வேலைக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் ஆள் கொண்டுபோகத் தொடங்கினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரீபியன் கடல் சேர்ந்தவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் சந்ததியார் பாஷையைப் பெரும்பாலும் இழந்துவிட்டார்கள். மசாலையை இழக்கவில்லை. மல்லியும் மஞ்சளும் சீரகமும் வெந்தயமும் கடுகும் சேர்த்து அரைத்த பொடிக்கு அங்கே இன்று 'கொலம்போ' என்று பெயர். தீவார் அனைவருக்கும் அதுவே தேசிய உணவைப் போல. ஆனால் கொலம்போவில் போடவேண்டிய ஏனைய சாமான்களின் விலையைக் கேட்டால் திகைப்பீர்கள். மார்த்தினிக்கில் உணவுப் பண்டங்கள் பிரான்ஸில் உள்ளதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று 2022இல் பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர நிறுவனம் கணக்கிட்டது. விலைவாசியை எதிர்த்துக் குவாதலூப் 2009இல் 44 நாள் வேலைநிறுத்தம் செய்தது. 2024இல் மார்த்தினிக் தெருவில் இறங்கியது. பெருக்கிப் பார்க்க அவர்களுக்கு வேறு நாணயம் இல்லை. அதனால்தான் போலும், முணுமுணுத்துத் திருப்பி வைக்காமல் வாய்விட்டுக் கேட்கிறார்கள்.

நம்முடைய திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். அங்கிருந்து கிளம்பும் விமானத்தின் மேல்தட்டில் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்க, அடிவயிற்றில் காய்கறியும் கறிவேப்பிலையும் பூவும் பெட்டி பெட்டியாகப் போகின்றன. கருவாட்டையும் வத்தலையும் இடித்த பொடியையும் தாய்மார்கள் துணிக்கு நடுவே சுருட்டி வைக்க, எடைப்பொறி காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பாதியை வெளியே எடுத்துத் தகப்பனார் கையில் கொடுக்கும் காட்சியை அந்த வாயிலில் தினந்தோறும் காணலாம். ஒரே விமானத்தில் போன முருங்கைக்காயை, இறங்கிய ஊரில் அவனுக்கு வாங்கித் தின்ன மனம் வருவதில்லை.

ஆகையால் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு பிள்ளை தொலைபேசியில் பேசும்போது 'சாப்பிட்டாயா' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 'சாப்பிட்டேன்' என்று சொல்ல அவனுக்குக் காசு செலவில்லை. என்ன குழம்பு, என்ன காய் என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால், அடுத்த மாதம் அனுப்பும் பணத்தில் பத்து வெள்ளி குறைத்து அனுப்பச் சொல்லுங்கள்.