கடைசி அடுப்பு ஏன் சுணங்குகிறது?



செம்பரம்பாக்கம் தொடங்கி ஒரகடம் வரை, கம்பெனி ஆட்களுக்கு ஷிப்டு தவறாமல் சோறு போடும் மெஸ்கள் ஏராளம். ஆள் கூடினால் அடுப்பு கூடும். 19 கிலோ சிலிண்டரும் கூடும். சுவரோரம் ஓடும் கேஸ் குழாய் மட்டும் அதே பழைய குழாய்! இட்லிக் கொப்பரைக்குத் தீயை ஏற்றினால், கடைசி அடுப்பில் தோசைக்கல் காய மாட்டேன் என்கிறது. உடனே, "சிலிண்டர்ல கேஸ் கம்மிப்பா" என்பார் மாஸ்டர்.

சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருந்தால், உள்ளே திரவம் போதிய வேகத்தில் ஆவியாகவில்லை. கூட ஒரு சிலிண்டரை இணைக்க வேண்டும். வியர்க்கவில்லையா? குழாயைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டு ரெகுலேட்டரைத் தாண்டி வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். ஒரு அடி உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், அவ்வளவே. மெஸ்ஸிலும், இப்படிக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் குழாய் நீள நீள, வளைவு கூடக் கூட, அந்தக் கொஞ்சமும் உராய்வில் தேயும். உள்விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே அழுத்த இழப்பில் ஐந்து மடங்குக்கும் மேல் கேஸ் போகும்!

எல்லா அடுப்பும் ஒன்றாக எரிந்தால் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் வேண்டும், கடைசி அடுப்பு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது: இவ்விரண்டையும் கணக்கிட்டே குழாயின் அளவை முடிவு செய்வார்கள்.

தீ குறைகிறதே என்று ரெகுலேட்டரில் கை வைக்காதீர்கள். பயிற்சி பெற்றவரை அழையுங்கள். கேஸ் வாடை வந்தால் வால்வை மூடி, வெளியே வந்து, 1906-க்குப் போன் செய்யுங்கள்.