சதவீதத்தைச் சொல்லாதே, ஏக்கரைச் சொல்



திருகோணமலைக் கடைகளில் இப்போது ஓட்ஸ் பெட்டிதான் முன்தட்டில் நிற்கிறது. "புரதம் நிறைந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சாம்பல்தீவில் என் மருமகன் ஒருவன், நெல்லு விதைக்கிற வீட்டுப் பிள்ளை, கேட்கிறான்: "மாமா, எங்கட சோத்தில புரதமே இல்லையாம், உண்மையோ?" அவன் கிளப்பிய எரிச்சல்தான் இன்றைய உரை.

ஓட்ஸ் நல்ல தானியம்தான். ஆனால் ஓட்ஸ் இனவிருத்தியாளர்கள் கற்ற பாடம் அந்தப் பெட்டியில் அச்சாகவில்லை. மணியில் எத்தனை சதவீதம் புரதம் என்பது ஒரு கணக்கு. ஏக்கருக்கு எத்தனை கிலோ புரதம் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவின் அயோவாவில் காட்டு ஓட்ஸின் மரபணுக்களைப் பயிருக்குள் கொண்டுவந்த கென்னத் ஃபிரே, இந்த இரண்டாவது கணக்கை வைத்தும் தெரிவு செய்தார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: 2000 கிலோ அரிசியில் 7 சதவீதம் என்றால் 140 கிலோ புரதம். 1200 கிலோவில் 10 சதவீதம் என்றால் 120 கிலோதான். சதவீதம் கூடியது, புரதம் குறைந்தது!

சதவீதத்தை மட்டும் துரத்தியவர்களும் உண்டு. இலினோயில் 1896இல் சோளத்தில் தொடங்கினார்கள். புரதம் கூடிய கதிரில் விதை, அதிலும் கூடியதில் விதை என்று நூறு தலைமுறை. ஏறத்தாழ 11 சதவீதம் 25ஐத் தாண்டியது. மணி சிறுத்தது, விளைச்சல் விழுந்தது.

ஏன்? இலை ஆக்கிய ஒரு கிராம் சர்க்கரையில் 0.83 கிராம் மாப்பொருள் கட்டலாம். புரதம் என்றால் 0.40 கிராம்தான். அதற்கு நைதரசன் வேறு வேண்டும். வேர் கொடுக்காவிட்டால் மணி அதை இலையிலிருந்து உருவும், இலை காலத்துக்கு முன்பே பழுக்கும். 2021இல் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது யூரியா இல்லாமல் மஞ்சளித்த வயல்களைப் பார்த்தவர்களுக்கு நைதரசனைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி என் மனதுக்குப் பிடித்த நெல்லுக்கு வருகிறேன். கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960களிலும் 70களிலும் புரத நெல்லுக்கு முயன்று, பெரிய பலன் காணவில்லை. ஒரே நெல் இந்த வயலில் ஒரு புரதம் காட்டும், அடுத்த போகத்தில் வேறு காட்டும். மண்ணின் வேலை எது, விதையின் வேலை எது என்று பிரிப்பதே பெரும்பாடு. ஒடிசாவின் கட்டாக் தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த இடத்தில்தான் பொறுமை காட்டினார்கள். அசாம் நெல் சேகரிப்பில் ஒரு நாட்டு நெல், பெயர்கூட இல்லை, ஏ.ஆர்.சி. 10075 என்று ஒரு எண். அதன் புரதத்தை 'நவீன்' என்ற நல்ல விளைச்சல் நெல்லுக்குள் கொண்டுபோக வேண்டும். கலந்தார்கள். பிறந்ததைத் திரும்பவும் நவீனோடு கலந்தார்கள். மறுபடியும் நவீனோடு. ஒவ்வொரு தடவையும் புரதம் கூடிய செடியை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். திரும்பத் திரும்பத் தாயிடமே போவது, இதுதான் பின்கலப்பு. எனக்கு இதைவிட அழகான உத்தி இனவிருத்தியில் இல்லை. 2016இல் 'சி.ஆர். தான் 310' என்ற நெல் வெளிவந்தது. தீட்டிய அரிசியில் சராசரி 10.3 சதவீதம், வழமையான அரிசியில் 7, 8தான். கவனியுங்கள், விளைச்சலைப் பலிகொடுத்து எடுத்த சதவீதம் அல்ல இது.

இன்னொன்று. சோளத்தில் புரதம் கூடினால் லைசின் என்ற அவசியமான அமினோ அமிலம் குறைந்த செயின் என்ற புரதம்தான் பெரும்பாலும் கூடும். நெல்லில் கூடுவது பெரும்பாலும் குளுட்டெலின், தரமான புரதம். இந்த விஷயத்தில் ஓட்ஸும் நெல்லும் ஒரே பக்கம்.

ருசி மாறாதா என்பீர்கள். மாறும். புரதம் கூடிய அரிசி தண்ணீரைக் குறைவாக இழுக்கும், வேக நேரமெடுக்கும், சோறு உதிரியாக நிற்கும். ஜப்பானியருக்கு அது பெருங்குறை. எங்கள் அம்மா குழைந்த சோற்றை மாட்டுக்கு வைக்கச் சொல்லுவா! எனக்கு அம்மாவின் கட்சிதான்.

பத்தலகொட நிலையத்தில் 'முருங்கக்காயன்' என்ற நாட்டு நெல்லையும் இந்தோனேசிய 'மாஸ்' நெல்லையும் கலந்து எச்.4 என்ற நெல்லை எடுத்த நாடு இது. கட்டாக் நெல்லையும் எங்கள் நெல்லோடு கலந்து பார்க்கலாம். பார்த்தால், ஆய்வுநிலைய வயலோடு நிற்காமல் இந்தக் கரையோர மணலிலும் இரண்டு பெரும்போகம் விதைத்துப் பார்க்கட்டும். முடிவைச் சொல்லும்போது சதவீதத்தைப் பிறகு சொல்லட்டும். முதலில் ஏக்கருக்கு எத்தனை மூடை என்று சொல்லட்டும்.