மௌனமும் தனி பெஞ்சும்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிளம்பிய கலகக்காரக் கிறித்தவர்கள் குவேக்கர்கள். ஒவ்வொரு மனுசருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கும்போது நடுவில் பாதிரி எதுக்குன்னு கேட்டாங்க. பிரபுவைப் பார்த்தாலும் தொப்பியைக் கழற்ற மறுத்தாங்க. மேலே இருப்பவனுக்கு ‘நீங்கள்’, கீழே இருப்பவனுக்கு ‘நீ’ என்றிருந்த மொழியில், எல்லோருக்கும் ‘நீ’தான் என்றார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். மரியாதைச் சொல்லுக்குள் அதிகாரம் உட்கார்ந்திருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம தாத்தாக்களைப் பொடிப்பயல்கள் ‘வாடா, போடா’ என்று கூப்பிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம்.

அமெரிக்காவில் இவர்களுடைய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. எளிமை, சமாதானம், நேர்மை, சமத்துவம் எல்லாவற்றையும் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகவே கொடுக்கப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை ஆறு வயசுப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒண்ணா மௌனமாக உட்காருவாங்க. பிரசங்கம் கிடையாது. மனசில் பட்டால் யாரும் எழுந்து பேசலாம். பிள்ளையும் பேசலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மௌனத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நாம் கேட்டாகணும்.

பிலடெல்பியாவை எடுத்துக்குங்க. 1750இல் அந்தோணி பெனசெட் என்ற குவேக்கர் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே பாடம் சொல்லத் தொடங்கினார். 1776இல், அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். இது உண்மை. அதே நகரத்தில், ஆர்ச் தெரு சபையில், கறுப்பர்களுக்குத் தனி பெஞ்ச் போட்டிருந்ததும் உண்மை. சாரா மேப்ஸ் டக்ளஸ், கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆசிரியை, தாயோடு அந்த பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர். வெள்ளைக்காரர் தவறிப்போய் அதில் உட்கார்ந்துவிடாமல் இரண்டு முனையிலும் ஆள் இருந்ததை 1830களில் கடிதமாகவே எழுதி வைத்தார். முன் பெஞ்சில் தியானமாக இருந்த மௌனம்தான் தனி பெஞ்சில் தண்டனையாக இருந்தது.

வாஷிங்டனில் 1883இல் தொடங்கிய சிட்வெல் ஃபிரெண்ட்ஸ் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 1956இல். 73 வருஷம்! ஒளி எல்லோருக்குள்ளும் இருக்குன்னு சொன்னவங்க பள்ளிக்கூடம் அது.

இதனால் அந்தப் பாடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெஞ்சின் கதையையும் சேர்த்துச் சொல்லணும் என்கிறேன். ‘சமத்துவம்’ என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட, ‘இதே சபையில் இப்படி ஒரு பெஞ்ச் இருந்தது’ என்று ஆறு வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ‘மத்தவங்க ஏன் எழுந்து போய் அவங்களோட உட்காரல?’ என்று அது கேட்கும். அந்தக் கேள்விதான் சமத்துவப் பாடம்.

சேரியில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பிள்ளை எழுந்தால் பெரியவர் வாயை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கத்தை. மௌனத்தை நம்ம பிள்ளைகளுக்குப் புதுசா கற்றுத்தர வேண்டாம். ‘வாயை மூடு’ என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டாச்சு. முதலில் அவங்க பேசட்டும். நாம் மௌனமாக இருப்போம்.