சோற்றுக்கும் தேங்காய்க்கும் இடையே ஒரு கணக்கு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் சோற்றையும் தேங்காயையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இங்கே கூடியிருக்கும் குடும்பங்களுள் நீரிழிவுக்கு மாத்திரை விழுங்குவோர் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் எத்தனை? கைகளை உயர்த்துங்கள் என்று கேட்க நாம் துணியவில்லை. மாத்திரை விழுங்கும் பெரியவர், "சோற்றை விட்டுவிட்டேன்" என்கிறார். அவருடைய பேரன் கைத்தொலைபேசியிற் கண்ட ஓர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு, "கொழுப்பு எவ்வளவும் உண்ணலாம், மாச்சத்துத்தான் ஆகாது" என்கிறான். அடுத்த வீட்டு மாமியோ தேங்காயைக் கண்டாலே அஞ்சுகிறார். ஒரே ஒழுங்கையில் மூன்று கட்சிகள்! இவற்றுக்கிடையே அடுப்படியில் நிற்பவர் என்னதான் சமைப்பது? அவர் படும் பாட்டை எண்ணியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

பாடசாலை விஞ்ஞான நூல் காபோவைதரேற்று என்று கூறுவதையே நாம் மாச்சத்து என்கிறோம். சோறு, மா, பாண், கிழங்கு, சீனி யாவும் அதில் அடங்கும். ஒரு கிராம் மாச்சத்து ஏறக்குறைய 4 கலோரி சக்தி தரும். புரதமும் அவ்வளவே. கொழுப்போ 9 கலோரி தரும். உடம்புக்கு வேண்டிய சக்தி இம்மூன்றிலிருந்தே வருவதால், ஒன்றைக் குறைத்தால் வயிறு இன்னொன்றைக் கேட்கும். சோற்றைக் குறைத்தவர் தமக்குத் தெரியாமலே வேறெதையோ கூட்டியிருப்பார். அது எது என்பதிலேதான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. மூன்று கட்சியினரும் கேட்க மறந்த கேள்வி இதுவே.

நாளொன்றுக்கு 2000 கலோரி போதுமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சக்தியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. அவ்வாறாயின் அவருக்குரிய கொழுப்பு ஏறக்குறைய 67 கிராம். அதிலும் நிரம்பிய கொழுப்பு, அதாவது தேங்காயிலும் நெய்யிலும் மிகுந்திருக்கும் வகை, நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டலாகாது. அது 22 கிராம். இந்த 22 என்ற இலக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் தேங்காய்ப்பூவிலே கொழுப்பு ஏறக்குறைய 33 கிராம்; அதில் 30 கிராம்வரை நிரம்பிய கொழுப்பு. பிழிந்த பாலிற் கொஞ்சம் இறங்கும், சக்கையிற் கொஞ்சம் தங்கும். ஆனாற் சம்பலிலும் பிட்டிலும் தேங்காய்ப்பூவை முழுதாகவே உண்கிறோம்.

இனி எம்முடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலையிற் பிட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம். மூன்று வேளையும் மாவே. மத்தியானத்துக்குக் குவித்து இட்ட சோறு 400 கிராம் என்று கொண்டால், அதில் மட்டும் 110 கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. அச்சோற்றுக்குக் கறி உருளைக்கிழங்கு! மாவுக்கு மாவே துணை. நாம் கற்ற மிஷன் பாடசாலை விடுதியிற் பாணுக்கும் உருளைக்கிழங்கே கறியாக வந்தது. ஆங்கில இலக்கணத்தை அவ்வளவு கண்டிப்பாகப் புகட்டியவர்கள் தட்டின் இலக்கணத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரவு இடியப்பத்துக்கோ சொதி, சம்பல், பால்கறி என்று தேங்காய் மும்முறை வருகிறது. இவற்றோடு நாலு முறை தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராமாக 32 கிராம் சீனி. சீனியை 50 கிராமுக்குள் அடக்குக, 25 கிராமுக்குள் அடக்கினால் இன்னும் நன்று என்று மேற்கூறிய ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. கேக்கும் பிஸ்கட்டும் குளிர்பானமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஆகவே எமது தட்டிலே மாச்சத்தும் கொழுப்பும் பகைவர்களல்லர். பிட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நண்பர்கள். ஒன்றை விலக்கச் சொல்லும் மேல்நாட்டு அட்டவணைகள் இறைச்சியும் பாற்கட்டியும் மிகுந்த தட்டை எண்ணி எழுதப்பட்டவை. அங்கும் அவை முடிந்த முடிபாக நிற்கவில்லை. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மக்கவன் தலைமையிலான செனற் சபைக் குழு கொழுப்பைக் குறைக்குமாறு கூறிற்று. கடைகளிற் கொழுப்பு நீக்கிய பண்டங்கள் மலிந்தன. அவற்றுட் பலவற்றில் நீக்கிய கொழுப்பின் இடத்திற் சீனி புகுந்தது. மறுபுறத்தில், 1972இல் அற்கின்ஸ் என்னும் வைத்தியர் வெளியிட்ட நூல் மாச்சத்தைத் தள்ளச் சொல்லிற்று. இரு கட்சியையும் நேருக்குநேர் நிறுத்திய ஓர் ஆய்வின் முடிவை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டனர். 609 பேர், ஓராண்டு. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோகிராம் மெலிந்தார்கள். மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோகிராம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு சாராருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்றுண்டு: சீனியையும் வெள்ளை மாவையும் இயன்றவரை ஒதுக்கி, மரக்கறியை நிறைய உண்ணுங்கள் என்பதே அது.

தேங்காயைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். "எங்கள் பாட்டன் பூட்டன் உண்டார்கள், அவர்களுக்கு என்ன வந்தது?" என்று இச்சபையிலேயே பெரியவர்கள் கேட்பார்கள் என்பதை அறிவோம். கேள்வி நியாயமானதே. பசுபிக் சமுத்திரத்திலே தொக்கெலாவு, புக்காபுக்கா என்னும் பவளத் தீவுகள் உள. அங்கு வாழ்ந்த மக்களை ஆராய்ந்து இயன் பிரையர் என்னும் நியூசிலாந்து வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1981ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொக்கெலாவு மக்கள் தமது சக்தியில் நூற்றுக்கு 63 பங்கைத் தேங்காயிலிருந்தே பெற்றனர். புக்காபுக்கா மக்கள் 34 பங்கு. தேங்காயை அதிகம் உண்ட தொக்கெலாவு மக்களின் குருதியிற் கொலஸ்திரோலும் அதிகமாகவே இருந்தது. ஆகவே தேங்காய் கொலஸ்திரோலைக் கூட்டுவதில்லை என்று வாதிடுவோருக்கு இவ்வாய்வு துணைசெய்யாது. ஆயினும் இரு தீவுகளிலும் இருதய நோய் அரிதாகவே இருந்தது. இதைக் கேட்டுப் பெரியவர்கள் மகிழ்வதற்குமுன் மிகுதியையும் கேட்க வேண்டும். அம்மக்கள் தேங்காயோடு உண்டவை மீனும் ஈரப்பலாக்காயும் கிழங்கும்; சீனி மிகச் சொற்பம். வள்ளம் வலித்தும் மரம் ஏறியும் உடம்பால் உழைத்தார்கள். தொக்கெலாவு மக்களிற் பலர் பின்னர் நியூசிலாந்திற் குடியேறினர். அங்கே தேங்காய் குறைந்தது. மாச்சத்தும் சீனியும் கூடின. நிரம்பிய கொழுப்புக் குறைந்தும் கொலஸ்திரோல் ஏறிற்று, உடற்பருமனும் நீரிழிவும் பெருகின.

எங்கள் பாட்டனாருக்கும் இதுவே விடை. அவர் தேங்காய் உண்டார். தோட்டத்துக்குத் துலா மிதித்துத் தண்ணீரும் இறைத்தார். நாம் அவருடைய தேங்காயை மட்டும் வைத்துக்கொண்டு, துலாவை விட்டுவிட்டோம், சீனியைச் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் தேங்காயின் இடத்தில் எதை வைப்பது? தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்களவே. தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெய் எடுத்தால் இருதயத்துக்கு நன்மை உண்டு. தேங்காயைக் குறைத்து அந்த இடத்தில் வெள்ளைப் பாணையும் சீனியையும் வைத்தால் யாதொரு நன்மையும் இல்லை. நல்லெண்ணெயும் மருந்தன்று என்பதையும் கூறிவைக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஏறக்குறைய 90 கிராம் சோற்றுக்குச் சமம்.

திட்டம் வகுக்கும்போது நாம் வீட்டில் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறோம். முதலில் அவ்வேளைக்குரிய தேங்காயை ஓரிடத்தில் மட்டும் வைக்கிறோம். பிட்டென்றால் தேங்காய்ப்பூ பிட்டிலேயே வந்துவிட்டது. கறி பாலில்லாக் கறி. சொதி வைத்தாற் சம்பல் இல்லை. பால்கறி உண்டெனில் கீரையை வறை வறுக்காமற் கடைந்துகொள்கிறோம். அடுத்துத் தட்டைப் பார்க்கிறோம். பாதி இலைக்கறியும் காயும், காற்பங்கு சோறு, காற்பங்கு பயறோ பருப்போ கடலையோ. மச்சம் உண்போர் அக்காற்பங்கில் மீனை வைக்கலாம். எம்மைப்போற் சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இந்தக் காற்பங்கே உயிர்நாடி. சோற்றைக் குறைத்துவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விட்டவர், மாலை ஐந்து மணிக்கு மிக்சரும் வடையும் தேடி நடப்பதை எங்கும் காணலாம். நூறு கிராம் சோற்றில் மாச்சத்து 28 கிராம், புரதம் 3 கிராமுக்கும் குறைவு. அவித்த பயற்றில் மாச்சத்து 19 கிராம், புரதம் 7 கிராம், நார்ப்பொருளும் 7 கிராமளவில் உண்டு. நாளுக்கு 25 கிராம் நார்ப்பொருள் வேண்டுமென்பதால் இது சிறு உதவியன்று.

சோற்றிலும் எந்தச் சோறு என்று கேட்க வேண்டும். தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதை 1890களில் யாவாத் தீவிலே கிறிஸ்தியான் எய்க்மன் கண்டார். தவிட்டிலே விற்றமின் இருப்பது அதன் வழியே வெளிப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசியும், குரக்கன் பிட்டும், ஒடியற்பிட்டும் தட்டிற்குத் திரும்பினால் நல்லது. ஆனாற் சிவப்பரிசி என்பதற்காக இரண்டு மடங்கு உண்ணலாம் என்று எவரும் எண்ணவேண்டாம்.

வெயிலில் நின்று உழைக்கும் கமக்காரருக்கு இக்காற்பங்குச் சோறு போதாது. அவர் வயிறார உண்ணட்டும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு கணக்கு. இன்சுலின் ஏற்றுவோரும் நீரிழிவுக்கான சில மாத்திரைகளை உட்கொள்வோரும் திடீரெனச் சோற்றை விட்டால், குருதியிலே குளுக்கோசு அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். முதலிற் குறிப்பிட்ட பெரியவர் போன்றோர் சோற்றைக் குறைக்குமுன் தம் வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். மருந்தின் அளவையும் கூடவே குறைக்க நேரலாம்.

நிறைவாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். எமது ஆண்டு விழாச் சிற்றுண்டி கேக், பற்றிஸ், சீனி மிகுந்த குளிர்பானம் என்ற வரிசையிலேயே வந்துகொண்டிருக்கிறது. இம்முறை அவித்த கடலையும், வாழைப்பழமும், மோரும் வைத்துப் பார்க்கலாமா? கடலைக்குத் தேங்காய்ச்சொட்டுப் போடுவதா என்பதைச் செயற்குழுவே தீர்மானிக்கட்டும். போடுவதென்றால் அளவை நாம் நிறுத்துத் தருகிறோம்.